பழைய மென்பொருளைப் பராமரிக்க ஆள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ரயில் முன்பதிவுக் கணினி அமைப்பைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 2010-இல் நிறுவப்பட்டு இன்டெலின் இட்டேனியம் சில்லு கொண்ட சர்வர்களில் ஓப்பன் வி.எம்.எஸ். இயங்குதளத்துடன் ஓடும் இன்றைய அமைப்பை ஓட்டை உடைசல் போலச் சித்திரித்திருந்தது. நிமிடத்துக்கு 25,000 டிக்கெட் வரை வழங்கிவரும் அமைப்பை அப்படிச் சொல்வது நியாயமில்லை. இட்டேனியம் சில்லுகள் அனுப்புவதை இன்டெல் 2021-இல் நிறுத்திவிட்டதால் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றும் நாள்வரை அதைக் கட்டிக்காப்பவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கப்பலூர்ப் பக்கம் நூற்பாலை ஒன்றின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். அங்கே பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமை இயக்கிய சீமென்ஸ் எஸ்5 வகை பி.எல்.சி.யில் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி), நிரல் பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நின்றது. மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். விவரம் தெரியாதவர் மெயினை அணைத்துவிட்டு மாற்றினால் நிரல் போய்விடும். முன்கூட்டியே நிரலைப் படியெடுத்து வைக்கலாம் என்றாலும், எழுதியவர் போட்ட குறிப்புகளும் பெயர்களும் பி.எல்.சி.க்குள் இருப்பதில்லை, அவை அவருடைய பழைய டாஸ் இயங்குதளக் கணினியோடு போய்விட்டால், எந்த இன்புட் எந்த சென்சாருடையது என்பதை வயரைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரம் என்னவோ நன்றாகத்தான் ஓடும்!

2024 தொடக்கத்தில் ஜெர்மனியில், ரயில் ஓட்டுநர் அறைத் திரைகளைப் பராமரிக்க பழங்கால விண்டோஸ் 3.11-உம் எம்.எஸ்.-டாஸும் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் வந்தபோது உலகமே சிரித்தது. எனக்கென்னவோ அது பொறுப்பான செயலாகவே பட்டது. ரயில் பெட்டிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடும்போது, அவற்றின் மென்பொருளை அறிந்தவரைத் தேடி வைத்துக்கொள்வதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

நம் மதுரைக் கோட்டத்திலும் பல நிலையங்களில், ரயில்கள் மோதாதபடி சிக்னலையும் தண்டவாளப் பிரிவுகளையும் கணினி மூலம் இணைத்துக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்துவிட்டது. யார்டில் ஒரு தண்டவாளம் கூடினாலும் அதன் நிரல் தர்க்கத்தைத் திருத்தி, முழுவதுமாகச் சோதிக்க வேண்டும். ஆகவே, ரயில்வேயானாலும் ஆலையானாலும், டெண்டர் விடும்போதே மூல நிரல், குறிப்புகள், அதைத் திறக்கும் கருவி ஆகியவற்றை ஒப்படைப்பதையும், உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் நிபந்தனையாக்கி, அவை கைக்கு வரும்வரை இறுதித் தவணைப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பராமரிப்புப் பணியாளர்,
திருநகர், மதுரை.