அம்மாவுக்கு அடித்த விசில்

நீர் விளையாட்டுப் பூங்காக்களை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

சென்ற மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அறுபத்தாறு வயதான என் அம்மாவையும் நான்காம் வகுப்பு முடித்த மகனையும் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவருடைய பூங்காவுக்கு வந்தேன். எந்தப் பூங்கா என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒருவர் மட்டும் முகம் சுளிப்பார், மற்றவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

வர வேண்டும் என்று ஆசைப்பட்டது அம்மாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று முழுவதும் உங்கள் ஊழியர்கள் அவளைப் பேரனுக்குத் துணையாக வந்தவளாகவே நடத்தினார்கள். மகன் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை இங்கே வந்துபோய், ஒரு வாரம் வீட்டில் அலைக்குளத்தைத் தவிர வேறு பேச்சில்லை. "சங்கு ஊதியதும் அலை வரும், ஆச்சி" என்றான். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்துவிட்டு, "அதை எனக்கும் காட்டு" என்றாள்.

அம்மா பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில். வீட்டு வாசலிலிருந்து படித்துறைக்கு நூறு காலடி தூரம். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகி, பத்து வயதில் குடுக்கையைத் தூக்கிப் போட்டவள். மாரில் உயர்த்திக் கட்டிய பாவாடையோடு தோழிகள் நாலைந்து பேர் அக்கரைக்கு நீந்திப் போய், மணலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்களாம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு, நாற்பத்து மூன்று வருடமாக அவளுக்கு வாய்த்தது வாளித் தண்ணீர். சில கோடைகளில் அதுவும் லாரியில் வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. என் மகன் மாதக் கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்டிருக்கிறான். மூன்று பேரில் தண்ணீருக்கு அஞ்சாத ஒரே ஆள் அம்மாதான்.

கதவு திறக்க அரைமணி நேரம் முன்பே வரிசையில் நின்றோம். சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட். மகனின் தோளைப் பிடித்து லேசாக அழுத்தினேன். பையனோ, வளர்ந்துவிட்டோம் என்ற பெருமையில் குதிகாலைக்கூட உயர்த்தி நின்றான். மூத்த குடிமக்கள் சலுகைக்கு அசல் அடையாள அட்டை வேண்டும் என்றார்கள்; எங்களிடம் கைபேசியில் படம்தான் இருந்தது. அது என் தவறு. ஆக மூன்று முழு டிக்கெட். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்த தூக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. வெளிச்சாப்பாட்டுத் தடையைப் பற்றி ஊரே எழுதி ஓய்ந்துவிட்டது, நான் எழுதவில்லை.

உடை விஷயத்துக்கு வருகிறேன். நைலான் உடைக்கு மட்டுமே அனுமதி. பருத்தி, ஜீன்ஸ், சுடிதார், சேலை கூடாது என்ற பலகை உங்கள் பூங்காவில் எங்கே இருக்கிறது தெரியுமா? டிக்கெட் கிழித்து உள்ளே விட்ட பிறகு, உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில். அம்மாவுக்கு ஒரு பருத்தி நைட்டி எடுத்து வந்திருந்தேன். அருவிக்குப் போகும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் எடுத்துப் போவார்கள். அது செல்லாது என்றார்கள். வாடகைக் கடையில் கிடைத்தது ஓர் அரைக்கைச் சட்டையும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் கால்சட்டையும். இதைவிடப் பெரிய அளவு உண்டா என்றேன். "இதுதான் பெரியது அக்கா" என்றாள் அந்தப் பெண்.

அம்மா இரண்டு விரலால் அதை வாங்கினாள். கழுத்துப் பட்டியில் முந்தைய ஆளின் ஈரம் காயவில்லை. கால்சட்டையின் எலாஸ்டிக் தொய்ந்துபோய், யாரோ ஒருத்தி ஓர் ஊக்கைக் குத்திச் சமாளித்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தாள். அம்மா அந்த ஊக்கைக் கழற்றித் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள். "பிள்ளைகள் யாராவது போட்டால் குத்திவிடும்." பிறகு உடையை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குத் துணியை மடிக்காமல் கொடுக்கத் தெரியாது.

"நீங்கள் இறங்குங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். பை, கண்ணாடி, செருப்பு, கைபேசி எல்லாம் அவள் மடிக்கு வந்தன.

அலைக்குளத்துக்கு எதிரே ஒரு நீளமான சிமெண்ட் திண்ணை. முதுகு சாய வழியில்லை. பதினொரு மணிவரை ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தது, அதன்பின் அதுவும் இல்லை. அங்கே அம்மா தனியாக இல்லை. ஆச்சிகள், அத்தைகள், கைக்குழந்தைக்காரிகள், முக்காடு போட்ட ஒரு பாட்டி. பதினேழு பேரை எண்ணினேன், எல்லோர் மடியிலும் பைகள். உங்கள் பாதுகாப்புப் பெட்டக வாடகையை மிச்சப்படுத்துபவர்கள் இவர்கள்தான் என்று உங்களுக்கு வருத்தம்கூட இருக்கலாம். பதினேழு பேருக்கும் டிக்கெட் வாங்கியாகியிருந்தது.

சங்கு ஊதியது. ஆழமான முனையில் சுவருக்குப் பின்னாலிருந்து காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள் என்று மகன் விளக்கியிருந்தான். அம்மா எழுந்து ஓரத்துக்கு வந்தாள். முதல் அலை தளத்தில் ஏறி, நுரைத்து, கால்விரல் உயரத்துக்குப் பரவியது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்தாள். தண்ணீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டுக் குளியலறையில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

விசில் அடித்தது. ஒன்று அடித்து நிறுத்தவில்லை, மூன்று நீள விசில். குளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். உயர நாற்காலியில் இருந்த இளைஞர் கையை வெளியே, வெளியே என்று வீசினார். "சேலை! சேலை!" அம்மா காலை எடுத்துக்கொண்டாள். திண்ணைக்கு வந்து சேலையின் கரையைப் பிழிந்தாள். ஒரு சாண்கூட நனைந்திருக்காது. சொட்டு நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய வேலையே விசில் அடிப்பது. அடிக்கத் தயங்கும் ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

உங்கள் விதிமேலும் கோபமில்லை என்றால் நம்புவீர்களா? ஐந்தரை மீட்டர் துணி சறுக்குக் குழாயின் இணைப்பில் சிக்கினால் என்ன ஆகும் என்பது எனக்கும் புரிகிறது. நனைந்த பருத்தி காலைச் சுற்றிக்கொண்டு ஆளையே கீழே இழுக்கும். அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் அதைவிட மோசம். அமெரிக்காவில் 2002-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு துளையில் சிக்கி இறந்தாள்; அந்தத் துளைகளின் மூடிகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2007-ல் அங்கே சட்டமே வந்தது. நம் ஊரில் 2024 மே மாதம், பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனது. நாங்கள் அருவியிலேயே குளித்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு விதி எதற்கு என்று பேசும் ஆள் இல்லை நான்.

ஆனாலும் உங்கள் மேலாளரிடம் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். கணுக்கால் தண்ணீரில் என்ன ஆபத்து என்றதற்கு, "ஆபத்துக்காக மட்டும் இல்லை மேடம், தண்ணீர் சுத்தத்துக்காகவும்தான். சேலைச் சாயம், நூல் எல்லாம் வடிகட்டியில் போய் அடைக்கும்" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நனைந்துவிட்டு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தலை நிறையத் தேங்காய் எண்ணெய், கழுத்தில் பவுடர், வரிசையில் நின்ற வியர்வை எல்லாம் நேராகத் தண்ணீருக்குள். யாருக்கும் விசில் இல்லை. "தண்ணீரில் மருந்து வாடை தூக்குகிறதே" என்று அம்மா வந்ததுமே சொன்னாள். குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தமான தண்ணீர் என்று அப்போது நானே சமாதானம் சொன்னேன். உங்களுக்குத் தெரியாததல்ல: மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாடை. சரியாகப் பராமரித்த குளம் அப்படி நாறாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி முறையாகக் குளோரின் போட்ட நீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். குளத்துக்கு வந்தபின் அதை விரட்டுவதைவிட, வரும் ஆளைச் சோப்புப் போட்டுக் குளிக்க வைப்பது சுலபம். சுத்தத்துக்காகத்தான் விதி என்றால் ஷவருக்குப் பக்கத்தில் ஒரு விசில்காரரை நிறுத்துங்கள். குளோரின் அளவையும், 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டிய பிஎச் என்ற அமில-கார அளவையும் மணிக்கொருமுறை பலகையில் எழுதிப் போடுங்கள். அப்படி எழுதிய பலகை எதையும் அன்று நான் பார்க்கவில்லை. சேலைக் கரை மட்டும் நூறு அடி தூரத்திலிருந்து உங்கள் கண்ணில் படுகிறது.

அலைக்குளம் என்றாலே இளைஞர்கள் கூச்சலிடும் இடம் என்று எப்படியோ ஆகிவிட்டது. புடாபெஸ்ட் நகரத்தில் கெல்லர்ட் என்று ஒரு குளியலகம் உண்டு. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் மூட்டுக்கு நல்லது என்று மக்கள் வந்து போன இடம். அங்கே 1927-லேயே ஓர் அலைக்குளம் கட்டினார்கள். மூட்டுவலிக்காரர்கள் வரும் வளாகத்தில் அலை அடிக்கலாம் என்று நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? குற்றாலம் பேரருவியில் பெண்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. தண்ணீர் கூடினால் போலீசார் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அவர்களும் விசில்தான் அடிக்கிறார்கள். ஆனால் அங்கே எழுபது வயதுக் கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்து நிற்பாள். திண்ணையில் உட்கார்ந்து பை காப்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. முழுக்கையும் கணுக்கால் வரை கால்சட்டையும் இடுப்புக்குக் கீழே இறங்கும் மேல்சட்டையும் கொண்ட நைலான் குளியலுடை கடைகளில் விற்கிறது. அதைப் பெரிய பெரிய அளவுகளில் வாங்கி வையுங்கள். துவைத்து, காயவைத்து, எலாஸ்டிக் பார்த்துக் கொடுங்கள். அம்மா அதைப் போட்டிருப்பாள். நானே சத்தியம் செய்வேன். சேலை கூடாது என்பதை டிக்கெட்டுக்குக் காசு வாங்குமுன் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்காதவருக்கு இறங்குபவரின் விலை வாங்காதீர்கள். சேலையோடு கால் நனைத்து உட்கார, உறிஞ்சு துளையோ சறுக்கோ இல்லாத ஒரு வாய்க்கால் போதும். கணுக்கால் ஆழம், ஓரத்தில் படிக்கட்டு, மேலே ஒரு கூரை. உங்களிடம் இருக்கும் இடத்துக்கு அது ஒரு மூலை. படித்துறை என்று பெயர் வைத்தால் கூட்டம் தானாக வரும். பிடிக்கக் கம்பி வையுங்கள், ஈரத் தரையில் வழுக்காத கல் பதியுங்கள். அன்று பதினேழு பேரில் ஒருவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழப் பார்த்தார்.

மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டோம். தூக்கைத் திரும்ப வாங்கி, சாலையோரப் புளியமரத்தடியில் சாதத்தைப் பிரித்தோம். மகன், "ஆச்சி, அலை எப்படி இருந்தது?" என்று கேட்டான். "நல்ல அலைதான். ஆனால் எல்லாம் ஒரே அளவாக வருகிறதே" என்றாள்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் குற்றாலம் போகலாம் என்று பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். மகன் மட்டும் அடுத்த மே மாதம் மறுபடியும் உங்களிடம்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வருவதற்கு முந்தின நாள் தொலைபேசியில் கூப்பிடுவேன், அறுபத்தேழு வயதுக்காரிக்குப் பொருந்தும் உடை இருக்கிறதா என்று கேட்பேன். அந்த ஊக்கு இன்னும் அம்மாவின் வளையலில்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மூன்று முழு டிக்கெட் வாங்கியவள்