பென்சில் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஆவணக் காப்பக நண்பர்களுக்கு,

கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் கிடைத்துவிட்டது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

அவர் வேறு நாட்டிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து இங்கேயே இறந்தவர். மிச்சம் இருந்தது பாட்டியின் வாயில் தேய்ந்துபோன ஓர் ஊர்ப்பெயர் மட்டும். அதை இணையத்தில் தட்டித் தட்டியே 2 வருடம் போனது. அங்கே பிறந்தவரைப் பற்றி இங்கே என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் உங்கள் வாசலை மிதித்தேன்.

வாசிப்பு அறைப் பொறுப்பில் இருந்த அம்மா பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலைக் கொடுத்தார்கள். (கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. பழைய தாளில் மை பட்டால் போகாது என்பது அப்புறம்தான் உறைத்தது.) "இவருடைய கோப்பு வேண்டும்" என்று பெயரைச் சொன்னேன். அப்படி ஒன்று இருக்காது என்றார்கள். காப்பகத்தில் தாள்களை ஆள் பெயரை வைத்து அடுக்குவதில்லை. எந்த அலுவலகம் எழுதியதோ அதன் பெயரில், அது வைத்திருந்த வரிசையிலேயே வைப்பார்களாம். "அவரை யார் யார் எழுதி வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்" என்றார்கள். கல்யாணத்தைப் பதிந்தவர், வரி வாங்கியவர், கூலி கொடுத்தவர், புதைத்தவர். அம்மா, அந்த ஒரு வாக்கியத்துக்கே தனி மடல் எழுத வேண்டும்.

இறப்புப் பதிவேடு கைவிட்டது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் "வெளிநாடு" என்று மட்டும் இருந்தது. தகவல் சொன்னவர் மருமகன், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவரே பல வருடம் கழித்து இவருடைய அடக்கச் செலவையும் கட்டியிருந்தார். நான் கவனிக்காமல் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த மேசையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர் பெரியவர்தான், "இவ்வளவு தூரம் கூடவே வருகிறவர் ஒரே ஊர்க்காரராக இருப்பார், அவரைத் தேடுங்கள்" என்றார்.

அந்தச் சாட்சியின் பெயரோ ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வொரு மாதிரி. பெரியவர் ஐயா, எழுத்து மாறினாலும் ஒலியை வைத்துப் பெயரைத் தேடும் சவுண்டெக்ஸ் முறையைத் தாளில் போட்டுக் காட்டினீர்கள்: முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண். ப-வும் வ-வும் அதில் ஒன்றுதான். ராபர்ட் ரஸ்ஸல் அதற்கு 1918-இல் காப்புரிமை வாங்கினார் என்றும் சொன்னீர்கள். எழுத்துப் பிழை என்று முந்தைய வாரம் நானே ஒதுக்கிய குடியுரிமை விண்ணப்பம் அந்தச் சாட்சியுடையதுதான். அதில் ஊர்ப்பெயர் முழுசாக, தெளிவாக. பாட்டி சொன்னதில் நடு எழுத்து மட்டும்தான் சரி!

அந்த ஊரின் பதிவேட்டுப் படங்கள் குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இருந்தன, ஆனால் வீட்டுக் கணினியில் திறக்கவில்லை. படத்தைத் திறக்கும் கேமரா குறியின் மேல் ஒரு சாவிக் குறி. அவர்களோடு இணைந்த இடங்களில் மட்டும் திறக்கும் என்றும், உங்கள் கணினி அப்படிப்பட்டது என்றும் அலுவலர் தம்பி சொல்லி, இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பழைய பதிவேடுகளைப் படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) எடுத்து வைக்க 1938-இல் தொடங்கிய வேலை அது. சுருள்களை இரவல் அனுப்புவதை 2017-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும். மூன்றாம் நாள் மாலை, ஞானஸ்நானப் பதிவில் கொள்ளுத்தாத்தாவின் பெயர். பக்கத்திலேயே நான் கேள்விப்படாத ஓர் அக்காவின் பெயர்.

கோணல் கையெழுத்தை வாசித்துத் தந்தவருக்கும் நன்றி. அவர் பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

எந்தப் பெயர் எந்த ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று 2 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதே சாட்சியைத் தேடி வேறு யாராவது வந்தால் கொடுங்கள். வியாழக்கிழமை கொண்டுவருகிறேன். பென்சிலையும்தான், தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்புடன்,
ஜன்னலோர மேசைக்காரன்