தேயிலை விலை ஏறவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்க விடுதலைக் கட்டுரையில், "தேயிலை விலை ஏறியதால் கொதித்த மக்கள் ஒரே இரவில் சுதந்திரப் போரில் குதித்தனர்" என்று ஒரு வரி.

தங்களுக்குத் தெரியாததல்ல, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட 1773 தேயிலைச் சட்டத்தால் கம்பெனித் தேயிலையின் விலை இறங்கத்தான் செய்தது. லண்டன் கிடங்குகளில் தேங்கிய சரக்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கு வேண்டிய ஏஜெண்டுகள் மூலம் அமெரிக்கக் காலனிகளில் நேரடியாக இறக்கலாம் என்று அனுமதி. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி மட்டும் பழையபடி. மலிவு என்று வாங்கினால் வரியையும் ஒத்துக்கொண்டதாகிவிடும், உள்ளூர் வியாபாரியும் போண்டி. நான் 28 வருடம் தேயிலைத்தூள் மொத்த வியாபாரம் செய்தவன். ஒரு பெரிய கம்பெனி எங்கள் ஊரில் சொந்த ஏஜெண்டைப் போட்டு கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, கடையைச் சாத்தியது நான். "விலை குறைந்தால் உங்களுக்கென்ன மாமா கோபம்?" என்று என் மருமகனே கேட்டான். தங்கள் கட்டுரையாளர் அவனுக்குச் சிநேகிதரோ என்னவோ.

அப்புறம் அந்த 'ஒரே இரவு'. சண்டை ஆரம்பித்தது 1765 முத்திரைத்தாள் வரியில். அப்போது கேட்டது விடுதலையா? எங்கள் ஆள் இல்லாத நாடாளுமன்றம் எங்களுக்கு வரி போடாதே என்றுதான், அதுவும் ராஜாவின் விசுவாசக் குடிகளாக. 1773 டிசம்பரில் பாஸ்டன்காரர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதற்கு மறு வருடம் பிரிட்டிஷார் அந்த ஊர்த் துறைமுகத்தையே மூடினார்கள் பாருங்கள், அப்போதுதான் மற்ற காலனிக்காரர்களுக்கும் நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று உறைத்தது. 1775 ஏப்ரலில் பாஸ்டன் பக்கத்து லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதித் துப்பாக்கி வெடித்த பிறகும் ஜூலையில் ராஜாவுக்குச் சமாதான மனு எழுதியிருக்கிறார்கள்! அவர் அதை வாங்கவே மறுத்து, கலகக்காரர்கள் என்று அறிவித்தார். விடுதலைப் பிரகடனம் 1776 ஜூலையில். பதினோரு வருடம் ஐயா, ஒரே இரவாம்.

அந்தப் போரில் 1781-ல் யார்க்டவுனில் தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிறகு இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்புவிடமிருந்து எங்கள் திண்டுக்கல்லைப் பிடுங்கியவர். அதற்கு இடமில்லை, அரைப் பக்கத்துக்கு டீ கிளாஸ் படம் போட இடமிருக்கிறது. வேலூர்ப் புரட்சியை 1806-க்குப் பதில் 1860 என்று போட்டபோதும் எழுதினேன், பதிலே இல்லை.

இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். முடியாதென்றால் சந்தா கட்டியும் வராத பொங்கல் மலரையாவது அனுப்பிவையுங்கள், முகவரி மாறவில்லை.

பழைய சந்தாதாரர்,
திண்டுக்கல்