எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்: அமெரிக்கத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கும், மூப்பர்களுக்கும், சபைக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் வட கரோலினாவில் ஒரு சிறிய தமிழ்ச் சபையைச் சேர்ந்தவள். பாடகர் குழுவில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். இங்கே வருவதற்கு முன் சென்னையில் ஆறு வருஷம் இரவு ஷிப்டில் இந்த நாட்டு மருத்துவமனைகளுக்கு பில்லிங் வேலை பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டு, எந்த கிளெய்ம் எதனால் நின்றது என்று விசாரிக்கிற வேலை. ஒவ்வொரு கிளெய்முக்குப் பின்னாலும் ஒரு நோயாளி இருக்கிறார் என்று அப்போது தெரியும். அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பவராக இருப்பார் என்று தெரியாது.

அவரை இங்கே தம்பி என்றே சொல்கிறேன். அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஒரு பிப்ரவரியில் அவருடைய கான்ட்ராக்ட் முடிந்தது. வேலையோடு இன்ஷூரன்ஸும் போனது. மார்ச்சில் ஒருநாள் ராத்திரி நெஞ்சுவலி. எமர்ஜென்சியில் சேர்த்து, இரண்டு நாள் வைத்திருந்து, மாரடைப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, கர்த்தர் சுகம் தந்தார் என்று சொன்னார். நாங்கள் கைதட்டினோம். பில் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பர் 25 அன்று, தாங்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, மீதிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கரண்டி எடுக்க நான் தவறான இழுப்பறையைத் திறந்துவிட்டேன். உள்ளே ஜன்னல் வைத்த கவர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பதினெட்டு. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. அந்த இழுப்பறைக்கு நேர் மேலே, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது நம் புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை: "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன்வாங்காதிருப்பாய்." உபாகமம் 28:12.

"ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னாள். "எப்படிக்கா சொல்றது? வசனம் நமக்கு நிறைவேறலைன்னா நம்மகிட்ட ஏதோ குறைன்னுதானே நினைப்பாங்க."

ஐயா, அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

அன்றைக்கு ராத்திரி அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாக் கவரையும் பிரித்தோம். மொத்தம் 31,400 டாலர். முதல் பில்லின் தேதி ஏப்ரல் 10. அதைப் பார்த்ததும் விரல்விட்டு நாள் எண்ணினேன். 2010-இல் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி, லாப நோக்கமற்றது என்று வரிவிலக்குப் பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும் கட்டமுடியாதவர்களுக்கான கட்டணச் சலுகைக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் 120 நாளுக்குள் வழக்குப் போடவோ, ஒருவர் கடனை எப்படி அடைக்கிறார் என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றவோ கூடாது. 240-ஆவது நாள் டிசம்பர் 6. எங்களுக்கு மீதி இருந்தது 11 நாள். சலுகை உண்டு என்ற அறிவிப்பு எல்லாக் கவருக்குள்ளும் இருந்தது, பில்லின் பின்பக்கம், பொடி எழுத்தில்.

திங்கட்கிழமை போன் போட்டு வரிக்கு வரி விவரித்த பில் கேட்டோம். 84484 என்பது மாரடைப்பா என்று பார்க்கச் செய்யும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனைக்கான பில்லிங் குறியீட்டு எண். சென்னையில் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். பில்லில் அது மூன்று தடவை. ஆய்வக அறிக்கையில் இரண்டே தடவை. கேட்டதும் திருத்தினார்கள். விண்ணப்பத்தோடு வேலை போன கடிதமும், வங்கிக் கணக்கு விவரமும், முந்தின வருஷத்து வரிப் படிவமும் வைத்து அனுப்பினோம். இதனால் கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமோ என்று தம்பி பயந்தார். இது அரசாங்க உதவி அல்ல, மருத்துவமனை தன் பில்லில் தானே தரும் தள்ளுபடி என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஜனவரியில் கடிதம் வந்தது. மருத்துவமனையின் பில் முழுக்கத் தள்ளுபடி. எமர்ஜென்சி டாக்டர்களின் குழு தனியாக அனுப்பிய 1,860 டாலர் மட்டும் நின்றது. மாதம் 60 டாலர் வீதம் அதையும் கட்டி வருகிறார்கள்.

எட்டு மாதம் அந்த வீட்டில் தூக்கமில்லை. அதைத் தீர்க்கத் தேவைப்பட்டது ஒரு சாயங்காலமும் ஒரு விண்ணப்பமும். இடையில் நின்றது வெட்கம். அந்த வெட்கத்தில் ஒரு பங்கு நம் பிரசங்க பீடத்திலிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நம் சபைகளில் ஒரு குடும்பம் வீடு வாங்கினால் பிரதிஷ்டை ஜெபத்துக்கு எல்லாரும் போகிறோம். கர்த்தர் வீடு கொடுத்தார் என்று பாடுகிறோம். அது முப்பது வருஷக் கடன். கார் கடன், பிள்ளையின் கல்லூரிக் கடன், சபைக் கட்டடத்துக்கு வாங்கிய கடன் எதற்கும் நாம் வெட்கப்படுவதில்லை. கேட்காமல் வந்த வியாதியால் ஏறிய கடன் மட்டும் விசுவாசக் குறைவாகிவிடுகிறது. சுகாதாரச் செலவுகளை ஆராயும் பீட்டர்சன், கெய்சர் அமைப்புகளின் கணக்குப்படி இந்த நாட்டில் வயதுவந்தவர்களில் சுமார் 2 கோடிப் பேருக்கு மருத்துவக் கடன் இருக்கிறது. மொத்தம் குறைந்தது 22,000 கோடி டாலர். அத்தனை பேரும் வசனத்துக்குக் கீழ்ப்படியாதவர்களா, ஐயா?

ஆராதனை முடிந்து பிரியாணித் தட்டோடு உட்காரும்போது நடக்கும் பேச்சும் உங்களுக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் ஜனாதிபதி பைடன் மாணவர் கடனில் 10,000 டாலர் வரையும், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரையும் தள்ளுபடி என்று அறிவித்த வாரம் எங்கள் மேசையில் பெரிய வாக்குவாதம். ஓர் அண்ணன், அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை ஊரில் வங்கியில் வைத்து எம்.எஸ். படித்தவர். ஏழு வருஷம் ஒரு சினிமாவுக்குக்கூடப் போகாமல் அடைத்து முடித்தார். "நான் அடைச்சேன். இவங்களுக்கு மட்டும் ஏன் சும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் லேசாக நினைக்கவில்லை. அதில் அவருடைய இளமை இருக்கிறது.

ஆனால் அடுத்து ஒருவர் சங்கீதம் 37:21 என்று சொல்லி, "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று வாசித்து அதோடு நிறுத்தினார். மேசை அமைதியானது. அந்த வசனம் அங்கே முடியவில்லை. "நீதிமானோ இரங்கிக்கொடுக்கிறான்" என்று முடிகிறது. அந்தப் பாதியை யாரும் வாசிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. சரியா தவறா என்பதில் நம் சபைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, இருக்கட்டும். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 2020-இல் கொரோனா வந்தபோது, சம்பளம் கொடுக்க அரசாங்கம் தந்த கடன் வியாபாரங்களுக்கு மட்டுமல்ல, சபைகளுக்கும் கிடைத்தது. நிபந்தனைப்படி செலவழித்தால் தள்ளுபடியும் ஆனது. அப்படி வாங்கித் தள்ளுபடி பெற்ற சபைகள் நாடு முழுக்க உண்டு. அதை யாரும் பாவம் என்று பிரசங்கிக்கவில்லை. சம்பளம் நிற்காமல் ஊழியர்கள் பிழைத்தார்கள், நல்லதே நடந்தது. அதே கண்ணோடு மற்றவர்களின் கடனையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வேதத்துக்கே வருகிறேன். கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய் என்ற வாக்குத்தத்தம் உபாகமத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. 28-ஆம் அதிகாரத்தை அட்டையில் அச்சடிக்கிறோம். முதலில் வருவது 15:6. அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? "ஏழாம் வருஷத்தின் முடிவிலே விடுதலைபண்ணுவாயாக." கொடுத்த கடனை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை விட்டுவிடு என்ற கட்டளைக்குப் பிறகு, ஐந்து வசனம் தள்ளித்தான் அந்த வாக்குத்தத்தம் வருகிறது. கடனைத் தள்ளிவிடுகிற ஜனத்துக்குக் கொடுத்த வாக்கு அது. இன்னும் மூன்று வசனம் தள்ளி, விடுதலை வருஷம் கிட்ட வருகிறதே என்று எண்ணி ஏழைக்குக் கொடாமல் கையை மூடிக்கொள்ளாதே என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. நம் பிரியாணி மேசையின் வாக்குவாதம் மோசேயின் காலத்துக்கே தெரிந்த ஒன்றுதான்.

பிலடெல்பியாவில் விடுதலை மணியைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதில் பொறித்திருக்கும் வாக்கியம் லேவியராகமம் 25:10. தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறச் சொல்லும் யூபிலி வருஷத்து வசனம். கடனுக்காக நிலத்தை இழந்தவன் தன் காணியாட்சிக்குத் திரும்பும் வருஷம் அது. இதை என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஆச்சரியப்பட்டார்கள். பெரியவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியம் நாங்கள் வாடகைக்கு ஆராதிக்கும் கட்டடம் ஒரு மெதடிஸ்ட் சபைக்குரியது. கர்த்தருடைய ஜெபத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் 'டிரெஸ்பாஸஸ்', அதாவது குற்றங்கள், என்று சொல்கிறார்கள். பிரஸ்பிடேரியன் சபையில் 'டெட்ஸ்', அதாவது கடன்கள், என்கிறார்கள். என் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த மத்தேயு 6:12-இல் சந்தேகமே இல்லை: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." வாரந்தோறும் கடன் என்ற சொல்லையே வாயால் சொல்லி ஜெபிக்கிற ஜனம் நாம். கடன்பட்டவர் நம் நடுவில் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

இதைச் செய்து காட்டிய சபைகள் இந்த நாட்டில் இருக்கின்றன. 2014-இல் கடன் வசூல் தொழிலிலிருந்து வந்த இருவர், வரி வசூலித்த சகேயு மனம் திரும்பினதுபோல, மருத்துவக் கடனை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கித் தள்ளிவிடும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு டாலருக்குச் சுமார் நூறு டாலர் கடன் தீரும். அதன் இன்றைய பெயர் அன்டியூ மெடிக்கல் டெட். 2018 ஈஸ்டரில் டெக்சஸில் கவனன்ட் சர்ச், விளம்பரத் தபாலுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குக் கொடுத்து, 4,000-க்கு மேற்பட்ட குடும்பங்களின் ஒரு கோடி டாலருக்கும் அதிகமான கடனைத் தீர்த்தது. 2020-இல் சின்சினாட்டியின் கிராஸ்ரோட்ஸ் சபை தீர்த்த கடன் 4.65 கோடி டாலர். எங்கள் மாநிலத்தில் 2024-இல், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டின் நிதியை முன்வைத்து அரசு கேட்டபோது 99 மருத்துவமனைகளும் பழைய கடனைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டன.

ஆனாலும், கடனை வாங்கித் தீர்ப்பதே போதும் என்று நான் சொல்லமாட்டேன். 83,401 பேருக்கு இப்படிக் கடன் தீர்த்தபின் என்ன ஆனது என்று ஆராய்ந்து 2024-இல் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் மன நிம்மதியிலும் பண நிலையிலும் பெரிய மாற்றமில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அந்தக் கடன்கள் வசூல்காரர் கைக்குப் போய், வருஷங்கள் ஓடி, செய்யவேண்டிய கெடுதலைச் செய்து முடித்தவை. உதவி போகவேண்டியது அந்த 240 நாளுக்குள். மருத்துவக் கடனை கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து நீக்க 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதியை ஜூலையில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, இந்த அவசரம் கூடியிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த புத்தாண்டு அட்டையில் உபாகமம் 15-ஐ அச்சடியுங்கள். சுகம் கிடைத்தது என்று யாராவது சாட்சி சொன்னால், அன்றைக்கே ஒரு மூப்பர் தனியாகப் போய் பில் வந்ததா என்று கேளுங்கள். எப்படி அடைக்கப் போகிறாய் என்ற கேள்வி வேண்டாம். பில் வந்ததா என்ற கேள்வி போதும். ஒரு வீட்டில் பில் இருப்பது ஜெபக் குறிப்பாகக்கூட வாட்ஸ்அப் குழுவில் போகக்கூடாது.

இன்னொன்று. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு, ஓய்வுநாள் பள்ளி நடக்கும் பின் அறையில் ஒரு மேசை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். பிரிக்காத கவரைக் கொண்டுவந்தால் சேர்ந்து பிரிப்போம். தேதியைப் பார்த்து நாள் எண்ணி, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தருவேன். நம் சபையாராக இருக்கவேண்டும் என்றில்லை. இந்துவோ, முஸ்லிமோ, கட்டடத்துக்குச் சொந்தக்கார மெதடிஸ்ட் சபையாரோ, யாரும் வரலாம். பில்லிங் வேலை தெரிந்த தமிழர்கள் உங்கள் சபைகளிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எங்கள் சபையில் தம்பியின் மனைவி அந்த மேசைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பிரிண்டர் என்னிடம் இருக்கிறது. பின் அறைச் சாவி கமிட்டியிடம் இருக்கிறது. அதை எங்களுக்குக் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
வட கரோலினா