மலருக்கு, ஓநாய்க் கூட்டத்துத் தலைமை பற்றி

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. சேலத்து வீடு உனக்குப் பிடித்துப்போனதும், அத்தைக்கு முட்டிவலி குறைந்ததும் மனதுக்கு நிம்மதி. இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். தம்பிக்குத்தான் இன்னும் பெண் அமையவில்லை.

புதிதாக ஓநாய் ரோல்பிளே குழு (ஆளுக்கொரு ஓநாய் வேடம் எடுத்துச் சேர்ந்து கதை எழுதுவது) தொடங்குவதாகவும், பதவிகளை எப்படி வைக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். தலைமையில் ஆல்பா, அடுத்து பீட்டா, டெல்டா, லீட் ஹன்டர், ஸ்கவுட், காயத்தை ஆற்றும் ஹீலர், கடைசியில் எல்லோருக்கும் அடங்கிப்போகும் ஒமேகா. விடுதியில் நாம் ராத்திரி முழுக்க வுல்ஃப்க்வெஸ்ட் என்ற ஓநாய்க் கணினி விளையாட்டு ஆடிய காலத்திலிருந்து எல்லாக் குழுவிலும் இருக்கும் பட்டியல்தான் இது. இதில் இரண்டை மட்டும் எடுத்துவிடு. ஆல்பாவைச் சண்டையில் வென்றவருக்குப் பதவி என்ற விதி ஒன்று, ஒமேகா இன்னொன்று.

இந்தப் படிக்கட்டு வந்த இடத்தைப் பார். சுவிட்சர்லாந்தில் பாசல் உயிரியல் பூங்கா ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியதுதான் இதற்கு வேர். 10-க்கு 20 மீட்டர் அடைப்புக்குள் பத்து ஓநாய்கள் வரை இருந்தன. ஒத்துவரவில்லை என்றால் விலகிப்போக வழியே கிடையாது. அடித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை ஊரெங்கும் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போய், 1986 முதல் 13 கோடைகள் காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அங்கே இருந்தது அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமைக்கு யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. பெற்றவை வழிநடத்தின, பிள்ளைகள் பின்னால் போயின. அதை 1999-இல் கட்டுரையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உன் குழுவின் கதை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நடக்கப்போகிறது என்பதால், அங்கே இருந்த 21 என்ற ஆண் ஓநாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஓநாய்களுக்கு எண்தான் பெயர். 1997 கடைசியில் ட்ரூயிட் கூட்டத்தின் இரண்டு பெரிய ஆண் ஓநாய்களும் பூங்காவுக்கு வெளியே சுடப்பட்டுச் செத்தன. தலைவன் இல்லாத அந்தக் கூட்டத்துக்குள் இரண்டரை வயது 21 தனியாக வந்து சேர்ந்தது. ஒரு சண்டை கிடையாது. முந்தைய தலைவனின் குட்டிகளைத் தன் குட்டிகளாகவே வளர்த்தது. பல ஆண்டுகள் தினமும் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்த ரிக் மெக்கின்டயர் சொல்வதைக் கேள்: குட்டிகளோடு மல்லுக்கட்டும்போது வேண்டுமென்றே தோற்றுக் கீழே விழுமாம். நோஞ்சான் குட்டி ஒன்று ஒதுங்கிக் கிடந்தால், தேடிப்போய் அதன் பக்கத்தில் நிற்குமாம். இத்தனைக்கும் எதிரிக் கூட்டம் எல்லைக்குள் வந்தால் அதுதான் முன்னால் பாயும்.

அதே கூட்டத்தில் 40 என்ற பெண் தலைவியும் இருந்தது. தன் சகோதரி 42-ஐ ஓயாமல் அடித்து அடக்கியே வைத்திருந்தது. 1999-இல் 42-இன் குட்டிகள் எதுவும் பிழைக்கவில்லை. 40-தான் கொன்றிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2000-ஆம் ஆண்டு வசந்தத்தில் மறுபடி 42-இன் வளைப் பக்கம் 40 போனபோது, அது கடிபட்டுச் செத்துப்போனது. மற்றப் பெண் ஓநாய்கள் சேர்ந்து குதறியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்புறம் 42 செய்ததுதான் என்னை உலுக்கியது. தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் 40-இன் வளையில் விட்டு, தாயில்லாத அந்தக் குட்டிகளோடு சேர்த்தே வளர்த்தது. 2001-இல் அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள்.

ஆக, பெரிய கூட்டத்தில் போட்டியே வராது என்று நான் சொல்லவரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பெண் ஓநாய்கள் குட்டி போடும் இடத்தில் உரசல் வரத்தான் செய்யும். கதையில் அதற்கு இடம் கொடு, அருமையான காட்சிகள் கிடைக்கும். ஆனால் பதவி கைமாறும் வழியாக அதை வைக்காதே. வைத்தால் நடப்பது உனக்கே தெரியும்: நாலு பேர் காட்மோட் செய்துகொண்டு (தன் ஓநாயை யாராலும் தோற்கடிக்க முடியாதபடி எழுதிக்கொண்டு), "அடி படவில்லை, விலகிவிட்டேன்" என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். வேட்டை நின்றுபோகும், குட்டி வேடத்தில் இருப்பவர்கள் பேச ஆளில்லாமல் போய்விடுவார்கள்.

தலைமை வேண்டும் என்று துடிப்பவரைக் கூட்டத்தை விட்டு அனுப்பிவிடு. காட்டில் நடப்பதும் அதுதான். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலானவை பிறந்த கூட்டத்தை விட்டுக் கிளம்பி, துணை தேடி, புது எல்லை பிடித்துப் புதுக் குடும்பம் தொடங்குகின்றன. அந்தத் தனிப்பயணத்தை அவரே எழுதட்டும். பட்டினி, அந்நியக் கூட்டத்தின் ஊளை, பனியில் இன்னொன்றின் கால்தடம் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. அவர் தொடங்கும் கூட்டம் உன் கூட்டத்துக்குப் பக்கத்து எல்லையாகும்.

ஒமேகா விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்தக் குழுவிலும் அந்த இடம் புதிதாக வந்த சின்னப் பிள்ளைக்குத்தான் போகிறது. எல்லோரும் உறுமுவார்கள், கடைசியில் தின்னச் சொல்வார்கள். பத்து நாளில் அந்தப் பிள்ளை காணாமல் போய்விடும். புதியவர்களைக் குட்டிகளாகச் சேர்த்துக்கொள். வேட்டை முடிந்து வரும் பெரியவற்றின் வாயை நக்கினால், தின்ற இறைச்சியைக் கக்கி ஊட்டிவிடும். ஒரு புதுமுகம் எழுதும் முதல் காட்சி அதுவாக இருக்கட்டும். பதில் எழுதும் பொறுப்பு ஆல்பா ஜோடிக்கு.

ஹீலரை உன் இஷ்டப்படி வைத்துக்கொள். காட்டில் அப்படி ஒன்று இல்லை என்றாலும், கதைக்கு நல்லதுதான்.

வளை எங்கே என்று முடிவு செய்துவிட்டாயா? லாமார் பள்ளத்தாக்கு என்றால் எல்க் மான் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. எனக்கு ஒரு வயது ஓநாய் வேடம் போதும், குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வர முடியும், அதற்கேற்றபடி சேர்த்துக்கொள்.

அன்புடன்,
தேவி