டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து முடிந்த பிறகு சேதி சொல்கிறாயே! முன்பே சொல்லியிருந்தால் மலையேறி வந்திருப்பேன். குழந்தைக்கு என் ஆசி.

காருக்கு வருகிறேன். ஹீட்டர் போட்டதும் முன்கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் படிகிறது, இனிப்பு வாடை அடிக்கிறது, இடதுபக்க மிதியடி ஈரமாக இருக்கிறது என்கிறாய். ஏசித் தண்ணீர் இப்படி வழுவழுக்காது. ஹீட்டர் கோர்தான் ஒழுகுகிறது. என்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் அந்தக் குட்டி ரேடியேட்டருக்குள்ளும் ஓடுகிறது. வாடை அந்தக் கூலன்டில் கலந்திருக்கும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனத்துடையது. பச்சைத் தண்ணீர் ஊற்றி நாளைத் தள்ளாதே, என்ஜின் சூடேறி, அதன் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

டேஷ்போர்டைக் கழற்றி, ஹீட்டரும் ஏசியும் இருக்கும் பெட்டியை முழுசாக இறக்க வேண்டும் என்று உன் மெக்கானிக் சொன்னதைச் சந்தேகப்படுகிறாய். சில வண்டிகளில் ஹீட்டர் கோரை மட்டும் பக்கவாட்டில் உருவிவிடலாம். உன் வண்டியில் முடியாது. காற்றை ஊதும் ப்ளோயர், ஏசியின் கூலிங் காயில், ஹீட்டர் கோர் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள். அதன் நட்டுகளில் சில என்ஜின் பக்கம் இருக்கின்றன. ஸ்டீயரிங், டேஷ்போர்டு, அதன் பின்னாலுள்ள குறுக்கு இரும்பு எல்லாம் கழன்றால்தான் பெட்டி வெளியே வரும். கூலி அதற்குத்தான், பார்ட்ஸுக்கு இல்லை.

ஊட்டிக்கு ஏசி எதற்கு, கூலிங் காயிலை மாற்றாமல் விட்டுவிடலாமா என்கிறாய். விடாதே. கண்ணாடிப் பனியைக் கலைப்பதே அதுதான். காற்று முதலில் காயிலில் பட்டு ஈரத்தை இழக்கிறது, பிறகு கோரில் சூடாகி வருகிறது. பழைய காயில் அடுத்த வருஷம் ஒழுகினால் மறுபடி இதே கூலி அழ வேண்டும். பெட்டிக்குள் காற்றைத் திருப்பிவிடும் மூடித் தகடுகளின் ஃபோம் உதிர்ந்திருந்தால் அதையும் ஒட்டச் சொல். ஏசிக் குழாய் இணைப்புகளின் ரப்பர் வளையமான ஓ ரிங், காயிலுக்குக் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் மூன்றும் புதுசு போடட்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுத்துத்தான் ஏர்பேக்கில் கை வைக்க வேண்டும். ஏசியிலுள்ள பழைய கேஸை மெஷினில் இழுக்கட்டும், காற்றில் திறந்துவிட வேண்டாம். ஒரு கிலோ ஆர்134ஏ ஏசி கேஸ், நூறு வருஷக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். திரும்ப மாட்டியதும் அரை மணி நேரமாவது வேக்கம் போட வேண்டும், அதாவது ஏசிக் குழாய்களுக்குள் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்க வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் அப்போதுதான் ஆவியாகிப் போகும். பம்பை நிறுத்தியபின் அழுத்தமானியின் முள் நகர்ந்தால் எங்கோ கசிவு. கேஸை பானெட் ஸ்டிக்கரிலுள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்றட்டும். குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றும் ஆளிடம் வண்டியை விடாதே.

அவசரப்படுத்தாதே, நல்ல வேலைக்காரனுக்கே இரண்டு நாள் பிடிக்கும். வண்டியை எடுக்கும்போது கரடுமுரடான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார். டேஷ்போர்டு கடகடத்தால் ஏதோ ஒரு கிளிப் விட்டுப்போயிருக்கிறது.

என் முழங்கால் இப்போது டேஷ்போர்டுக்குக் கீழே மடங்குவதில்லை. அந்த வேலையெல்லாம் பெரியவன் பார்க்கிறான், என்னைவிடப் பொறுமைசாலி. மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு எல்லோரும் வருகிறோம். ரூம் கிடைக்காது, உன் வீடுதான்.

அன்புடன்,
ராமு