வேற்றுலகத்துக்கு எந்தப் பாட்டை அனுப்புறது

வசந்தி,

உன் லெட்டரைப் படிச்சதுலேருந்து அந்த ஒரு கேள்விதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. வேற கிரகத்துல யாராவது இருந்தா, மனுஷங்க இப்படித்தான்னு காட்ட நீ எந்தப் பாட்டை அனுப்புவேன்னு கேட்டிருந்தல்ல. மத்த சேதியெல்லாம் சட்டுனு சொல்லிடறேன், எல்லாரும் சௌக்கியம், பெரியவனுக்கு வேலை மாறிடுச்சு, அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நான் மறுபடியும் பாட்டு கிளாஸுக்குப் போறேன்.

இந்தக் காரியத்தை 1977லயே நிஜமா செஞ்சாங்க, ஞாபகம் இருக்கா? வாயேஜர் 1, வாயேஜர் 2ங்கற ரெண்டு நாசா விண்கலத்துலயும் தங்க முலாம் பூசுன செம்பு ரெக்கார்டு ஒண்ணு வச்சு அனுப்புனாங்க. வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் தலைமையில சின்ன குழு, ஆன் ட்ரூயன், டிமோத்தி ஃபெர்ரிஸ், ஃபிராங்க் டிரேக் எல்லாம் அதுல இருந்தாங்க. 115 படம், 55 மொழியில வணக்கம், அப்புறம் 27 இசைத்துண்டு, மொத்தமே ஒன்றரை மணி நேரம். அந்த 55ல தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு, தமிழ் இல்ல. கேக்கப் போறவங்களுக்கு வித்தியாசம் தெரியப்போறதில்லதான், ஆனாலும் எனக்கு மனசு ஆறல வசந்தி.

அந்த 27ஐயும் மெதுவா, ஒரு ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டுன்னு கேட்டேன். மேற்கத்திய இசையமைப்பாளர்கள்ல பாக் (Bach) மட்டும் மூணு, பீத்தோவன் ரெண்டு, இந்தியா மொத்தத்துக்கும் ஒண்ணே ஒண்ணு. இது நியாயமான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன். சக் பெரியோட ராக் அண்ட் ரோல் பாட்டைச் சேர்க்கும்போது இதெல்லாம் விடலைப் பசங்க சமாச்சாரம்னு ஆட்சேபணை வந்துச்சாம், பூமியில விடலைப் பசங்களும் நிறையத்தானே இருக்காங்கன்னு சேகன் சொன்னாராம். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது.

என்னை அசைச்சுப் போட்டது ரெண்டு. ஒண்ணு பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927ல பாடுனது. அதுல வார்த்தையே கிடையாது, கிட்டார் கம்பி மேல வழுக்கிட்டே போற சத்தம், கூடவே அவரோட முனகல், அவ்வளவுதான். கண் தெரியாத மனுஷன், வறுமையிலயே வாழ்ந்து 1945ல செத்துப்போனார், அவர் குரல் இப்ப நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற வெளியில போயிட்டிருக்கு. இன்னொண்ணு ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடுன பைரவி, மூணரை நிமிஷம். ஒரு இடத்துல கூட தயக்கமில்லாத குரல். வாயேஜர் 1 கிளம்புனது செப்டம்பர் 5, அந்தம்மா இறந்தது அதே மாசம் 16ஆம் தேதி. அதைப் படிச்சிட்டு அன்னிக்கு எனக்கு வேற எந்த வேலையும் ஓடல.

ஆனா உன் கேள்விக்கு இந்த ரெண்டுமே என் பதில் இல்ல. நீ எழுதியிருந்தியே, காதுக்கு மெஷின் வச்சதுலேருந்து பாட்டெல்லாம் தகரச் சத்தமா கேக்குது, அதனால வீணை மேல கையை வச்சுத்தான் கேக்கறேன்னு. அதைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சுது, அங்க இருக்கறவங்களுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கணும்னு என்ன கட்டாயம்? எவலின் க்ளெனிக்குப் பெரும்பாலும் காது கேக்காது, ஆனா செருப்பில்லாம மேடையில நின்னு அதிர்வைக் கால்ல வாங்கி உலகம் பூரா தாள வாத்தியம் வாசிச்சிருக்காங்க. அப்ப நாம அனுப்பற இசை, காதால கேட்டாலும், தொட்டுப் பார்த்தாலும், வெறும் அலைக்கோடா வரைஞ்சு பார்த்தாலும் ஏதாவது ஒண்ணு புரியற மாதிரி இருக்கணும். இனிமை, சோகமெல்லாம் அவங்களுக்குப் போய்ச்சேருமான்னு யாராலயும் சொல்ல முடியாது, இல்லையா?

அதனால நான் அனுப்பப் போறது ஒரு பாட்டு கிளாஸ். கச்சேரி இல்ல, கிளாஸ்தான். சொல்லிக்குடுக்கறவங்க ஒரு வரி பாடணும், கத்துக்கறவங்க அதையே திருப்பிப் பாடணும், முதல் தடவை தடுமாறும், சுருதி விலகும், அவங்க மறுபடி அதே வரியைப் பாடுவாங்க, இவங்க மறுபடி, அப்படியே போகப்போக ரெண்டு குரலும் கிட்ட கிட்ட வந்து கடைசியில ஒண்ணா நிக்கும். அலைக்கோடா வரைஞ்சா கூட இது தெரிஞ்சுடும் பாரு, ஒரே உருவம் ரெண்டு தடவை வருது, ரெண்டாவது கொஞ்சம் கோணல், அடுத்ததுல கோணல் குறையுது. இந்த ஜீவன்கள் ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தர் வாங்கிக்கிறாங்க, எல்லாம் தெரிஞ்சு பிறக்கறதில்ல, தனக்குத் தெரிஞ்சதைத் தன்னோட முடிச்சுக்காம அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டுப் போறாங்கங்கற வரைக்கும் அதுலேருந்து அவங்க வந்துடலாம். நாம சாகற ஜாதிங்கறது கூட அதுலயே இருக்கு.

சின்னவகிட்ட சொன்னேன், அவ ஒத்துக்கல. இருக்கறதுலயே உசத்தியானதைத்தானே அனுப்பணும், தப்பும் தவறுமா பாடறதைப் போய் அனுப்புவாங்களாங்கறா. அவ சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு, மத்தவங்க முன்னாடி நிக்கறப்ப நம்மள்ல சிறந்ததைக் காட்டணும்னு தோணறது இயல்புதான். ஆனா கேசர்பாய் அல்லாதியா கான்கிட்ட வருஷக்கணக்கா உக்காந்து கத்துக்கிட்டவங்க. அந்த வருஷங்கள்ல எத்தனை தடவை ஒரே வரியை அவர் பாடி இவங்க பாடியிருப்பாங்க. ரெக்கார்டுல நமக்குக் கேக்கறது அதோட முடிவு மட்டும்தான். முடிவை மட்டும் கேக்கறவங்களுக்கு மனுஷங்க எல்லாரும் பிறக்கும்போதே இப்படிப் பாடுவாங்கன்னு தோணிடாதா? அதனால பைரவியை எடுத்துடணும்னு சொல்லல, அது இருக்கட்டும், பக்கத்துலயே கிளாஸும் இருக்கட்டும்னுதான் சொல்றேன்.

நேரமும் ஒரு காரணம். வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்துல போயும், இன்னொரு நட்சத்திரத்துக்கு 1.6 ஒளியாண்டு பக்கத்துல போய்ச்சேரவே சுமார் 40,000 வருஷம் ஆகும். ரெக்கார்டு நூறு கோடி வருஷம் தாங்கும்னு கணக்கு போட்டிருக்காங்க, எப்ப செஞ்சதுன்னு கண்டுபிடிக்க அதோட உறை மேல யுரேனியம் கூட பூசியிருக்காங்க. யாராவது எடுத்துக் கேக்கறப்ப நாம இருப்போமாங்கறதே சந்தேகம். அத்தனை காலம் கழிச்சு ஒருத்தர் வந்து அந்தப் பாட்டு கிளாஸைக் கேட்டா, அடுத்த வரியைத் திருப்பிப் பாட அவங்களுக்கும் ஒரு இடம் இருக்கு. கச்சேரியில அந்த இடம் கிடையாது, அங்க கேக்க மட்டும்தான் முடியும்.

ஒண்ணுலதான் எனக்கு முடிவு வரல. கத்துக்கறவங்க குழந்தையா இருக்கணுமா, என்னை மாதிரி வயசானவங்களா? குழந்தைன்னா குரல் வித்தியாசத்துலயே யார் குடுக்கறா யார் வாங்கறான்னு தெளிவா தெரிஞ்சிடும். ஆனா தலை நரைச்சப்புறமும் நாம கத்துக்கறோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்கு வீணை சொல்லிக்குடுத்தவ நீ, உனக்குத்தான் இது தெரியும். யோசிச்சு எழுது. அந்தக் காது மெஷினையும் திரும்ப எடுத்துட்டுப் போய் சரிபண்ணித் தரச் சொல்லிக் கேளு, பாட்டுக்குன்னு தனியா செட்டிங் வச்சுத் தருவாங்களாம், அப்படியே விட்டுடாதே.

உன்,
கமலா